பாடம் தொடங்குவதற்கு முந்தைய நாற்பது நிமிடம்

நீலகிரியின் தேயிலை எஸ்டேட்களில் உள்ள கிறிஸ்தவ சபைகளில் ஞாயிறு பள்ளிக்கு முதலில் வந்து நிற்பது பக்கத்து வீட்டுப் பிள்ளை அல்ல. தூரத்து டிவிஷன் (எஸ்டேட்டின் உட்பிரிவு) பிள்ளைகள்தான் முதலில் வருவார்கள். கூடலூர், பந்தலூர், சேரம்பாடிப் பக்கமானாலும் சரி, கோத்தகிரிப் பக்கமானாலும் சரி, பல இடங்களில் காலையில் ஒரே பஸ். அதை விட்டால் நடைதான். ஒன்பது மணி வகுப்புக்கு எட்டேகாலுக்கே வந்துவிட்டு, பூட்டிய கோயில் கதவோரம், ஸ்வெட்டர் கைக்குள் விரலை இழுத்துக்கொண்டு நிற்கும். டீச்சர் எட்டு ஐம்பத்தைந்துக்கு வருவார். வந்ததும் சார்ட்டை மாட்டுவார், பாட்டுப் புத்தகத்தை எடுத்து வைப்பார், வருகைப் பதிவேட்டைத் தேடுவார். மூன்று கிலோமீட்டர் நடந்து வந்த பிள்ளையின் காதில் விழும் முதல் வார்த்தை, "எல்லாரும் வரிசையா உக்காருங்க" என்பதாக இருக்கும்.

சிறுவர் ஊழியத்தில் பாடத்துக்கு நாம் நிறையவே உழைக்கிறோம். கதை, படம், செய்கைப் பாட்டு, மனப்பாட வசனம் என எல்லாமே தயார். ஆனால் பிள்ளையோடு உறவு உண்டாவது பாட நேரத்தில் அல்ல. பாடத்துக்கு முன்னால் காத்திருக்கும் அந்த நாற்பது நிமிடத்திலும், பாடம் முடிந்து வீட்டுக்கு நடக்கும் வழியிலும்தான் அது உண்டாகிறது. அந்த இரண்டு நேரத்தையும் காலியாக விட்டுவிட்டு, "பிள்ளைங்க ஒட்டவே மாட்டேங்குதுங்க" என்று வருத்தப்படும் ஆசிரியர்கள் நிறையப் பேர்.

இதற்குச் செய்ய வேண்டிய முதல் வேலை எளிது. சார்ட், படம், நாற்காலி எல்லாவற்றையும் சனிக்கிழமை மாலையே முடித்துவிட வேண்டும். ஞாயிறு காலை எட்டேகாலுக்கு இரண்டு பேராக வந்து கதவைத் திறக்க வேண்டும். ஒருவர் மட்டும் வருவது போதாது. காரணம் பின்னால் வருகிறது. கூடலூர்ப் பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்கு மழை விடாது. குன்னூர், கோத்தகிரியில் அக்டோபர், நவம்பரில்தான் பெருமழை. அந்த மாதங்களில் பழைய துண்டு ஐந்தாறு, நனைந்த ஷூவுக்குள் திணிக்கப் பழைய செய்தித்தாள், ஒரு பெரிய பிளாஸ்க் நிறைய சுக்குக் காப்பி இருந்தால் போதும். மழைக்காலத்தில் தேயிலைக்குள் புகுந்து வரும் பிள்ளைகளின் காலில் அட்டை இருக்கும். பிடித்து இழுக்காமல் நகத்தால் ஓரமாக நெம்பி எடுத்து, ரத்தம் நிற்கும்வரை சுத்தமான துணியால் அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள். கால் துடைத்து, சூடாக ஒரு டம்ளர் குடித்த பிள்ளை தானாகவே பேச ஆரம்பிக்கும்.

பேச்சை எப்படித் தொடங்குவது என்பதில்தான் பலருக்கும் தடுமாற்றம். "நல்லா இருக்கியா?" என்றால் "ம்" என்று வரும். "நல்லா படிக்கிறியா?" என்றால் அதுவும் வராது, படிப்பைக் கேட்கும் பெரியவர்கள் ஏற்கெனவே பத்துப் பேர் இருக்கிறார்கள். பிள்ளையின் வாரத்துக்குள், அது வாழும் லயனுக்குள் (தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) இருப்பதைக் கேளுங்கள். "புதன்கிழமை மழைக்கு லீவு விட்டாங்கல்ல, நாள் பூரா என்ன பண்ணினே?" "உங்க லயன் பக்கம் யானை வந்துச்சாமே, நீ பார்த்தியா?" "நாய்க்குட்டி கண்ணு தொறந்திருச்சா?" கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். மனதுக்குள் எட்டு எண்ணும்வரை அந்த மௌனத்தை நாமே நிரப்பிவிடக் கூடாது. கூச்சமான பிள்ளைக்கு வார்த்தை ஏழாவது எண்ணில்தான் வரும். பெரும்பாலும் நாம் மூன்றிலேயே அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறோம். நின்றபடி கேட்காமல் படியிலோ பெஞ்சிலோ உட்கார்ந்து கேளுங்கள். பிள்ளை அண்ணாந்து பார்க்காமல் பேச முடிய வேண்டும்.

சொன்னதை அடுத்த ஞாயிறு நாம் ஞாபகம் வைத்திருக்கிறோமா என்பது இதைவிடப் பெரியது. போன வாரம் "பாட்டியை கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில சேர்த்திருக்காங்க" என்று சொன்ன பிள்ளையிடம் இந்த வாரம் நாம் ஒன்றுமே கேட்காவிட்டால், இவரிடம் சொல்லி ஒன்றுமில்லை என்று அது முடிவு கட்டிவிடும். அதற்காகத்தான் ஒரு நோட்டு. நூறு பக்க நோட்டில் ஒரு பிள்ளைக்கு நான்கு பக்கம். ஆராதனை முடிந்து வீட்டுக்குப் போனவுடன் தேதியும் ஒரு வரியும். "கணக்குப் பரீட்சை வியாழன்." "தம்பிக்குக் காய்ச்சல்." "நட்சத்திரம் வரையப் பிடிக்கும்." சனிக்கிழமை இரவு அந்தப் பக்கங்களைப் புரட்டி, ஒவ்வொருவரிடமும் கேட்க ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பத்து நிமிட வேலை. பிள்ளை எதிரில் நோட்டை எடுத்து எழுதாதீர்கள். போலீஸ் விசாரணை போல ஆகிவிடும்.

நோட்டில் எழுதக் கூடாததும் உண்டு. அப்பாவின் குடி, வீட்டுச் சண்டை, கடன், வீட்டார் மறைக்கும் நோய் இவை அதில் ஏறவே கூடாது. லயன் வீடுகளில் சுவருக்குச் சுவர் காது. நோட்டை யாராவது புரட்டினால் ஒரு குடும்பம் தலைகுனிந்து நடக்க வேண்டிவரும். இதையொட்டி இன்னொரு தவறு நல்ல எண்ணத்தோடேயே நடக்கிறது. வெள்ளிக்கிழமை ஜெபக் கூட்டத்தில் எழுந்து, "இன்னார் வீட்டில் சமாதானமில்லை, பிள்ளை அழுதுகொண்டே சொன்னாள், ஜெபிப்போம்" என்று சொல்லிவிடுவது. அன்றிரவே அது அந்த லயனுக்குப் போய்ச் சேரும். பிள்ளை அடி வாங்கும். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை மட்டுமல்ல, அதைப் பார்த்த மற்ற பிள்ளைகளும் வாய் திறக்க மாட்டார்கள். பிள்ளை நம்பிச் சொன்னதை நம் தனி ஜெபத்தில் வைத்துக்கொள்வதே போதும்.

முப்பது பிள்ளைகளையும் ஒருவரே இப்படிக் கவனிக்க முடியாது. ஒருவருக்கு ஆறிலிருந்து எட்டுப் பிள்ளைகள். அதற்கு மேல் போனால் பெயர் மட்டும்தான் நிற்கும். பாடம் ஒரே ஆள் எல்லோருக்கும் எடுக்கலாம், அதில் குற்றமில்லை. ஆனால் எந்தப் பிள்ளை யார் பொறுப்பு என்பதை ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போதே பிரித்து எழுதிவிட்டு, அந்த வருடம் முழுக்க மாற்றாதீர்கள். சின்ன சபையில் ஆசிரியர் ஒரே ஒருவர்தான் என்றால், பெண்கள் ஐக்கியத்திலிருந்து இரண்டு அம்மாமார்களைக் கேளுங்கள். பாடம் எடுக்க வரமாட்டேன் என்பவர்கள்கூட, "எட்டேகாலுக்கு வந்து இந்த ஆறு பிள்ளைங்ககிட்ட பேசிட்டு இருங்கம்மா" என்றால் சந்தோஷமாக வருவார்கள். பாடம் எடுக்கும் முறைக்குப் பயிற்சி வேண்டுமென்றால், 1876-இல் தொடங்கிய இந்திய ஞாயிறு பள்ளி ஒன்றியம் இதே மலையில் குன்னூரில்தான் இருக்கிறது.

பெயரைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். மேய்ப்பன் தன் ஆடுகளைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறான் என்று யோவான் 10-ஆம் அதிகாரத்தைச் சொல்லிக்கொடுத்துவிட்டு, "ஏய் சிவப்பு ஸ்வெட்டர், நீ சொல்லு" என்று கூப்பிடுகிறோம். பள்ளிப் பதிவேட்டில் ஒரு பெயர், ஞானஸ்நானத்தில் ஒரு பெயர், வீட்டில் ஒரு பெயர் இருக்கும். "உன்னை எப்படிக் கூப்பிட்டா உனக்குப் பிடிக்கும்?" என்று கேட்டு, அதையே நோட்டின் முதல் வரியில் எழுதுங்கள். ஒரே வகுப்பில் மூன்று ஜெனிபர் இருந்தால் அப்பா பெயரையோ டிவிஷன் பெயரையோ சேர்க்கலாம். "குட்டை ஜெனிபர்", "கறுப்பு ஜெனிபர்" என்பது வேண்டவே வேண்டாம். இந்த மலையில் மிக ஆழமாகக் குத்துகிற பெயர் ஒன்று உண்டு: "சிலோன்காரன்". 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திரும்பி வந்த குடும்பங்களுக்கு வேலை கொடுக்க அரசு 1968-இல் இங்கே தேயிலைத் தோட்டம் தொடங்கியது. அதுதான் இன்றைய டேன்டீ, அரசின் தேயிலைத் தோட்டக் கழகம். வந்தவர்களின் பேரப்பிள்ளைகளும் கொள்ளுப்பேரப்பிள்ளைகளும்தான் இன்று நம் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். இங்கேயே பிறந்த பிள்ளையை இன்னும் வெளியூரானாக நிறுத்தும் அந்த வார்த்தையை மற்றப் பிள்ளைகள் விளையாட்டுக்குச் சொன்னாலும் அங்கேயே நிறுத்துங்கள்.

மொழியும் இதே போலத்தான். கோத்தகிரியில் வீட்டில் படுகர் மொழியான படுகு பேசும் பிள்ளை, பந்தலூரில் பணியர் பழங்குடிப் பிள்ளை, ஜார்க்கண்டிலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் தேயிலை பறிக்க வந்த குடும்பத்துப் பிள்ளை எல்லாரும் ஒரே பாயில் உட்காரலாம். வேதாகமத் தமிழ் நமக்கே கடினம். "நீதிமான்", "இரட்சிப்பு" என்ற சொற்களை ஒப்புவிக்கத் தெரியாத பிள்ளை மந்தம் அல்ல. அந்தப் பிள்ளையின் மொழியில் "வா", "சாப்பிட்டியா", "அழகா இருக்கு" என்ற மூன்றையும் அதனிடமே கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். அன்றைக்கு அதுதான் டீச்சர், நாம் மாணவர். பிள்ளைக்கு ஒரு அடி உயரம் கூடிவிடும்.

வீட்டுச் சந்திப்புக்கு வருவோம். வருடத்துக்கு ஒரு பிள்ளைக்கு இரண்டு முறையாவது போக வேண்டும். போகும் நேரம் தெரியாமல் போனால் நன்மையைவிடக் கெடுதல்தான். மழைக்குப் பிறகு கொழுந்து பொங்கி வரும் வாரங்களில் அம்மாமார்கள் இலையை எடை போட்டுவிட்டு வீடு திரும்பும்போது உடம்பில் சத்து இருக்காது. அதற்கு மேல் தண்ணீர், அடுப்பு, பிள்ளைகள். அந்த மாலைகளில் போகாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நல்ல நேரம். சம்பளம் வாங்கிய மறுநாளும் சந்தை நாளும் வேண்டாம். இருவராகப் போங்கள், அதில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். முந்தின ஞாயிறே பிள்ளையிடம் சொல்லி அனுப்புங்கள்.

பதினைந்து இருபது நிமிடம் போதும். சுற்றிச் சுற்றி வீட்டைப் பார்க்காதீர்கள். கொடுக்கும் டீயை மறுக்காதீர்கள். வர்க்கி வாங்க ஆள் ஓடினால் மட்டும் "வேண்டாம்மா, டீயே போதும்" என்று தடுங்கள், அந்தக் காசு அவர்களுக்குப் பெரிது. பிள்ளையைப் பற்றி நல்லதாக ஒன்று, குறிப்பாகச் சொல்லுங்கள். "நல்ல பையன்" என்று சொல்வது போதாது. "போன வாரம் சின்னப் பிள்ளை ஒண்ணு வழுக்கி விழுந்தப்போ உங்க பையன்தான் முதல்ல ஓடிப்போய்த் தூக்கினான்" என்று சொல்ல வேண்டும். முதல் சந்திப்பிலேயே "கவனிக்கவே மாட்டேங்கறான்" என்று குறை சொன்னால், நாம் வாசலைத் தாண்டியவுடன் அவன் முதுகு பழுக்கும். அடுத்த ஞாயிறு வரமாட்டான். பிள்ளை எதையாவது காட்ட விரும்பும். கோழி, பீன்ஸ் செடி, சுவரில் ஒட்டிய படம். எழுந்துபோய்ப் பாருங்கள், அந்த இரண்டு நிமிடத்துக்காகத்தான் இந்தச் சந்திப்பே. பெரியவர்கள் யாரும் இல்லாமல் பிள்ளை மட்டும் இருந்தால் உள்ளே போகாமல், முற்றத்தில் நின்றபடி விசாரித்துவிட்டுத் திரும்புங்கள். ஐந்தரைக்குள் ரோட்டுக்கு வந்துவிட வேண்டும். கூடலூரில் யானை, கோத்தகிரியில் கரடி, எங்கும் காட்டு மாடு.

இரண்டு ஞாயிறு வராத பிள்ளைக்கு மூன்றாவது ஞாயிறுக்குள் ஆள் போக வேண்டும். போனதும் "ஏன் வரல?" என்று கேட்டால் அது குற்றச்சாட்டு. "ரெண்டு வாரமா உன்னைக் காணோமேன்னு தேடினோம்" என்று சொல்லுங்கள். காரணம் பெரும்பாலும் சின்னதாகத்தான் இருக்கும். செருப்பு அறுந்திருக்கும், தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆள் இருந்திருக்காது, யாரோ கேலி பண்ணியிருப்பார்கள். வருகைக்கு நட்சத்திரம் ஒட்டும் அட்டவணையை இந்த மலையில் நாங்கள் ஆதரிப்பதில்லை. கோயிலுக்கு எதிர்வீட்டுப் பிள்ளைக்கு ஐம்பது நட்சத்திரம், ஆற்றைக் கடந்து வரும் பிள்ளைக்கு முப்பது என்றால், அந்தச் சுவர் தினமும் ஒரு பொய்யைச் சொல்லிக்கொண்டிருக்கும்.

இனி நடந்து திரும்பும் வழி. பிள்ளைகள் மனதில் இருப்பதைச் சொல்வது முகம் பார்த்து உட்காரும்போது அல்ல, பக்கத்தில் நடக்கும்போது. கண்ணைப் பார்க்க வேண்டியதில்லை, கையில் ஒரு குச்சி இருக்கும், வழியில் நிறுத்திக்கொள்ளலாம், மறுபடி தொடங்கலாம். பத்து பன்னிரண்டு வயதுப் பையன்கள் வேறெங்கும் பேச மாட்டார்கள். ஆனால் ஆளில்லாத தேயிலைப் பாதையில் ஒரு பெரியவரும் ஒரு பிள்ளையும் தனியாக நடப்பது எந்தக் காரணத்துக்காகவும் கூடாது. இதை எப்படிச் சேர்த்துச் செய்வது? குறைந்தது நான்கு பிள்ளைகளும் இரண்டு பெரியவர்களுமாக நடங்கள். பேச விரும்பும் பிள்ளை நம்மோடு வரட்டும், மற்றவர்கள் பத்தடி முன்னால் போகட்டும். பேச்சு அவர்கள் காதில் விழாது. ஆள் அவர்கள் கண்ணில் படும்.

இதே விதி எங்கும் பொருந்தும். தனியாகப் பேச வேண்டுமென்றால் கோயில் வராந்தா, அல்லது கதவு திறந்திருக்கும்போது கடைசி பெஞ்ச். பூட்டிய அறை, காலி வேன், ஆயர் இல்லாத ஆயர் வீடு கூடாது. இயேசு பிள்ளைகளை அணைத்துக்கொண்டார் என்று மாற்கு 10 சொல்கிறது, உண்மைதான். அது எல்லோர் கண்ணெதிரிலும், பிள்ளைகளைக் கொண்டுவந்தவர்கள் முன்னிலையில் நடந்தது. கை குலுக்கலாம், உள்ளங்கை தட்டலாம், தோளில் தட்டிக்கொடுக்கலாம். பிள்ளை விலகினால் அந்த நொடியே விட்டுவிட வேண்டும். மடியில் உட்காரவைப்பது, முத்தம் கொடுப்பது, கன்னத்தைக் கிள்ளுவது வேண்டாம். பிள்ளையின் போனுக்கு நேராக வாட்ஸ்அப் அனுப்பாமல் பெற்றோர் இருக்கும் குழுவில் போடுங்கள். பெற்றோரைக் கேட்காமல் பிள்ளைகள் படத்தை முகநூலில் ஏற்றாதீர்கள். புதிதாக யார் சேவைக்கு வந்தாலும், எவ்வளவு ஜெபிக்கிறவரானாலும், ஆறு மாதமாவது சபைக்குத் தெரிந்தவராக இருந்த பிறகே பிள்ளைகளிடம் விடுங்கள்.

நெருக்கம் உண்டானால் ஒரு நாள் ஏதாவது ஒரு பிள்ளை, "ஒண்ணு சொல்றேன், யார்கிட்டயும் சொல்லக் கூடாது" என்று வரும். அந்தச் சத்தியத்தைச் செய்யாதீர்கள். "சொல்லு. உனக்கு ஆபத்துன்னா மட்டும், உதவுறவங்ககிட்ட நான் சொல்லுவேன். அதுக்கு முன்னாடி உன்கிட்ட சொல்லிட்டுத்தான் செய்வேன்" என்பதே நேர்மையான பதில். பிள்ளை சொல்வது பாலியல் கொடுமை என்றால் துருவித் துருவிக் கேட்காதீர்கள். "நீ சொன்னது நல்லது. உன் மேல தப்பே இல்லை" என்று மட்டும் சொல்லி, அது சொன்ன வார்த்தைகளை அப்படியே தேதி, நேரத்தோடு தனித் தாளில் எழுதிவையுங்கள். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தில் 18 வயதுக்குக் கீழே எல்லோரும் குழந்தைதான். குற்றம் நடந்ததாகத் தெரிந்தாலோ நடக்கக்கூடும் என்று அஞ்சினாலோ, காவல் நிலையத்திலோ சிறப்புச் சிறார் காவல் பிரிவிலோ தெரிவித்தே ஆக வேண்டும் என்பது 19-ஆம் பிரிவு. மறைத்தால் 6 மாதம் வரை சிறை. நிறுவனப் பொறுப்பில் இருப்பவர் தன் கீழ் இருப்பவரின் குற்றத்தை மறைத்தால் 1 ஆண்டு வரை. நல்லெண்ணத்தோடு தகவல் கொடுத்தவர் மேல் வழக்கு வராது. போலீசுக்குப் போகத் தயக்கமென்றால் குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐ அழைத்தால் வழிகாட்டுவார்கள். கமிட்டி கூடி "சபை மானம் போகும், உள்ளுக்குள்ளேயே பேசி முடிச்சிடலாம்" என்று சொல்லும். சம்பந்தப்பட்டவர் மூப்பராக இருந்தாலும் சரி, காணிக்கை அதிகம் கொடுப்பவராக இருந்தாலும் சரி, அப்படிப் பேசி முடிக்க யாருக்கும் அதிகாரமில்லை. பிள்ளையின் பெயர் மட்டும் எங்கும் வெளியே வரக் கூடாது.

பண்டிகைக் காலம் நாம் கட்டியதை நாமே இடிக்கும் காலம். கிறிஸ்துமஸ் நாடகத்தில் மரியாள் கமிட்டிக்காரர் மகள், யோசேப்பு ஆயர் மகன், லயன் பிள்ளைகள் மேய்ப்பர்கள். பிள்ளைகள் வாயால் சொல்வதில்லை, ஆனால் எண்ணிக்கொண்டிருப்பார்கள். சீட்டுக் குலுக்கிப் போடுங்கள், எல்லோர் முன்னாலும். புது உடுப்பு இல்லாத பிள்ளை டிசம்பர் கடைசி வாரம் வராது. அதனால் நாடகத்துக்கு எல்லோருக்கும் ஒரே மாதிரித் துப்பட்டியும் பழைய வேட்டியும் என்று வைத்துவிட்டால் வித்தியாசம் மறைந்துவிடும். வீடு வீடாகப் பாடப் போகும் கேரல் ரவுண்ட்ஸுக்குச் சின்னப் பிள்ளைகளை உறைபனி இறங்கும் இரவில் இழுத்துப் போகாதீர்கள். மாலை ஐந்து மணிக்குப் பக்கத்து லயன்களில் ஒரு சின்னச் சுற்று, ஆறரைக்குள் அவரவர் வீடு.

மே மாத விபிஎஸ்ஸில் (விடுமுறை வேதாகமப் பள்ளி) கூட்டம் சேரும், உறவு சேராது. வருகிறவர்களில் மற்ற மதத்துப் பிள்ளைகளும் இருப்பார்கள். பெற்றோரின் அனுமதியைக் கையெழுத்தாக வாங்குங்கள். அவர்கள் வீட்டுச் சாமியைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கீழாகப் பேசாதீர்கள். பிள்ளையை வீட்டோடு சண்டைக்கு அனுப்புவது அன்பு அல்ல. சுற்றுலா சீசன் நேரமாதலால் கடை, வண்டி என்று பெற்றோர் ஓடிக்கொண்டிருப்பார்கள். பலர் பிள்ளைகளைக் கீழே சொந்த ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். ஆகவே விபிஎஸ்ஸின் உண்மையான பலன் அந்தப் பெயர்ப் பட்டியல்தான். ஜூனில் பள்ளி திறந்த இரண்டு வாரத்துக்குள் ஒவ்வொரு பெயரையும் ஒரு முறையாவது நேரில் பார்த்துவிட வேண்டும்.

கடைசியாக, பலரும் நினைத்தே பார்க்காத ஒன்று: நாம் விலகிப் போவது. ஞாயிறு பள்ளி ஆசிரியர்களில் பாதிப் பேர் பத்தொன்பது இருபது வயது அண்ணன்மார், அக்காமார். படிப்பு முடிந்ததும் வேலைக்குக் கோயம்புத்தூர், திருப்பூர் என்று இறங்கிவிடுகிறார்கள். ஒரு ஞாயிறு இருந்தார்கள், அடுத்த ஞாயிறு இல்லை. அப்பா ஏற்கெனவே கீழே வேலைக்குப் போய்விட்ட பிள்ளைக்கு இது இரண்டாவது அடி. போகப் போவது தெரிந்தவுடன் குறைந்தது நான்கு வாரம் முன்னால் பிள்ளைகளிடம் தேதியோடு சொல்லுங்கள். "அடிக்கடி வருவேன்" என்று சொல்லாதீர்கள். வர முடிகிற நாள் நிச்சயமாகத் தெரிந்தால் அந்த ஒரு நாளை மட்டும் சொல்லுங்கள். அடுத்து பொறுப்பேற்பவர் மூன்று ஞாயிறு உங்களோடு எட்டேகாலுக்கே வந்து நிற்கட்டும். ஒவ்வொரு பிள்ளையையும் பேர் சொல்லி அவரிடம் அறிமுகப்படுத்துங்கள்; "இவதான் நட்சத்திரம் வரையறவ" என்று ஒரு வரியோடு. நான்காவது ஞாயிறு அவர் முன்னால் நிற்கட்டும், நீங்கள் பின்னால். நோட்டை அன்றைக்குக் கொடுத்துவிடுங்கள். விடுதிக்குப் போய்விட்ட பிள்ளைகளின் பக்கங்களைக் கிழித்துவிடாமல், அந்த விடுதியின் முகவரியை மேலே எழுதிக் கொடுங்கள். மாதம் ஒரு தபால் அட்டை போகட்டும்.